விண்ட்ஹூக் குழாய்த் தண்ணி: தினமும் குடிக்கறவனோட ரிவ்யூ

நமீபியாவுக்கு வேலைக்கு வரப்போற நம்ம ஆளுங்க என்கிட்ட கேக்கற முதல் கேள்வி வீட்டு வாடகை பத்தியோ ஸ்கூல் பத்தியோ இருக்காது, "அங்க சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணி குடிக்கக் குடுக்கறாங்களாமே, எப்படிங்க குடிக்கறீங்க?"ன்னுதான் இருக்கும். ஆமாங்க, குடுக்கறாங்க. நானும் வீட்ல எல்லாரும் அதைத்தான் குடிக்கறோம், அதுலதான் சமைக்கறோம், பாட்டில் தண்ணி வாங்கறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட்டுட்டு இருக்கறதை விட இந்த ஊர் தண்ணி சப்ளைக்கே முழுசா ஒரு ரிவ்யூ எழுதிடலாம்னு உக்காந்துட்டேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

மார்க்கை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுக்குள்ள வர்ற குழாய்த் தண்ணிக்கு 5-க்கு 4.5. ஊரோட வடமேற்கு ஓரத்துல தகரத்துல வீடு கட்டி இருக்கறவங்களுக்குக் கிடைக்கிற சேவைக்கு 5-க்கு 1. ஒரே ஊரு, ஒரே தண்ணி, ரெண்டு மார்க். ஏன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல ருசி, அதைத்தான எல்லாரும் கேக்கறீங்க. கண்ணாடி டம்ளர்ல புடிச்சு வெளிச்சத்துல பாத்தா பளிச்சுன்னு இருக்கும், கலங்கல் கிடையாது, நாத்தம் கிடையாது. சில நாள் காலையில குழாயைத் திறந்ததும் லேசா குளோரின் வாசனை வரும், ஒரு ஜக்குல புடிச்சு மூடாம கொஞ்ச நேரம் வச்சா போயிடும். காபிதான் எனக்கு உண்மையான டெஸ்ட், தண்ணி சரியில்லன்னா டிகாக்ஷன் மட்டமா இறங்கும், உப்புத் தண்ணியில போட்ட காபி நாக்குல பட்ட உடனே தெரிஞ்சிடும். இங்க டிகாக்ஷன் நல்லா இறங்குது, பருப்பு நல்லா வேகுது, சாதம் வெள்ளையா வருது. தெரியாத ஒருத்தருக்கு டம்ளர்ல குடுத்து எந்தத் தண்ணின்னு கேட்டா பாட்டில் தண்ணின்னுதான் சொல்லுவாங்க.

சரி, ஏன் இந்த ஊருக்கு இப்படி ஒரு வேலை செய்ய வேண்டி வந்துச்சு? சஹாராவுக்குத் தெக்க இருக்கற ஆப்பிரிக்காவுலயே ரொம்ப வறண்ட நாடு நமீபியா. பரப்பளவு 8 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல, மக்கள் 2023 கணக்கெடுப்புப்படி 30 லட்சம் பேரு. இவ்வளவு பெரிய நாட்டுக்குள்ள வருஷம் முழுக்க ஓடற ஆறு ஒண்ணு கூட இல்ல, அந்த மாதிரி ஆறு எல்லாம் எல்லையில இருக்கு, வடக்குல குனேனே, ஒகவாங்கோ, வடகிழக்கு மூலையில சம்பேசி, தெக்குக் கடைசியில ஆரஞ்சு. அதுலயும் பக்கத்து நாட்டுக்குப் பங்கு இருக்கு. உள்ள இருக்கறது எல்லாம் மழை பெஞ்சா சில நாள் ஓடிட்டு மணலா கிடக்கற ஆறுதான். பெய்யற மழையில நூத்துக்கு 83 பங்கு அப்படியே ஆவியாப் போயிடுது, 14 பங்கு செடிகொடி உறிஞ்சி விட்டுடுது, 2 பங்கு ஆத்துல ஓடுது, மிச்சம் 1 பங்குதான் நிலத்தடிக்கு இறங்குதுன்னு இங்க தண்ணித் துறையில இருக்கற எல்லாரும் சொல்ற கணக்கு. இந்தக் கணக்கு தெரிஞ்சப்புறம் ஒரு வாளித் தண்ணியைக் கீழ ஊத்த மனசு வராது.

விண்ட்ஹூக் தலைநகரம், கடல்ல இருந்து சுமார் 300 கிலோமீட்டர் உள்ள, அதுவும் மலை மேல 1,600 மீட்டருக்கு மேல உயரத்துல இருக்கு. கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கி இங்க ஏத்தணும்னா கரண்ட் செலவை நினைச்சுப் பாருங்க. எப்பவும் ஓடற ஆறு பல நூறு கிலோமீட்டர் தள்ளி. ஆரம்பத்துல இந்த ஊரு வெந்நீர் ஊத்தை நம்பி உருவான ஊரு, அப்புறம் போர் போட்டு எடுத்தாங்க, ஜனம் ஏற ஏற அது பத்தல. 1970-லிருந்து 80-களோட ஆரம்பத்துக்குள்ள மூணு டேம் வந்துச்சு, ஃபான் பாக், ஸ்வாகோப்பூர்ட், ஒமாடாகோ. மூணுமே மழை பெஞ்சாதான் ஓடற ஆத்துல கட்டின டேம். ஒமாடாகோ ஆழம் கம்மியான டேம், வெயில்ல தண்ணி வத்திப் போயிடும்னு தண்ணி வந்த உடனே அதை மோட்டார் வச்சு ஆழமான ஃபான் பாக்குக்கு மாத்திடுவாங்க. தண்ணி ஆவியாகறதுக்குள்ள இடம் மாத்தி ஓடற ஊரு இது.

இந்த நிலைமையிலதான் 1968-ல, தென்னாப்பிரிக்க ஆட்சியில இருந்த காலத்துல, கோரியாங்காப்ங்கற இடத்துல ஒரு நிலையம் ஆரம்பிச்சாங்க, வீட்டுக் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணி நேரா குடிதண்ணிக் குழாய்லயே சேக்கற நிலையம். உலகத்துலயே அதுதான் முதல்ல. சிங்கப்பூர்ல இதே மாதிரி கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற நியூவாட்டர் திட்டம் வந்தது 2003-ல, அதுவும் பெரும்பாலும் தொழிற்சாலைக்குப் போகுது, ஒரு பங்கை ஏரியில விட்டு அங்க இருந்து திரும்ப எடுக்கறாங்க. இங்க ஏரி கீரி எதுவும் நடுவுல இல்ல. சுத்தம் பண்ணின தண்ணி டேம் தண்ணியோட கலந்து அப்படியே வீட்டுக்கு வருது. 2002-ல பழைய நிலையத்துக்குப் பக்கத்துல புதுசு கட்டினாங்க, ஒரு நாளைக்கு 2 கோடியே 10 லட்சம் லிட்டர் தயாரிக்கலாம், ஊரோட தேவையில ஏறக்குறைய கால் பங்கு. இதை நடத்த 20 வருஷ ஒப்பந்தம் போட்ட கூட்டமைப்புல வாபாக் கம்பெனியும் ஒண்ணு, அதோட தலைமை ஆபீஸ் இப்ப நம்ம சென்னையில, எனக்கு இது தெரிஞ்சப்ப ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதுல நான் நிறைய எழுதப் போறேன், ஏன்னா அருவருப்புப் படறவங்க யாருமே இந்த இடத்தைத் தெரிஞ்சுக்கறதில்ல. மிஷின் எவ்வளவு பெருசுங்கறதுக்கு முன்னாடி சாக்கடைக்குள்ள என்ன போகுதுங்கறதுலயே வேலை ஆரம்பிக்குது. ஃபேக்டரிக் கழிவும் வீட்டுக் கழிவும் இந்த ஊர்ல ஒண்ணா சேர விட மாட்டாங்க. தொழிற்சாலைப் பகுதியோட கழிவு வேற பைப்ல உஜாம்ஸ்ங்கற தனி நிலையத்துக்குப் போயிடும். நாம குளிச்சது, கழுவினது, கக்கூஸ் தண்ணி, இது மட்டும்தான் காம்மாம்ஸ்ங்கற கழிவுநீர் நிலையத்துக்குப் போகும், அங்க கிருமிகளை வச்சே அழுக்கைத் தின்ன விட்டு முதல் சுத்தம் முடிச்சு, அதுக்கப்புறம்தான் கோரியாங்காப்புக்கு வரும். வீட்டுக் கழிவுல என்ன இருக்கும்னு ஓரளவு தெரியும், அதுக்கு என்ன பண்ணணும்னும் தெரியும். சாயப்பட்டறைத் தண்ணியும் தோல் ஃபேக்டரித் தண்ணியும் கெமிக்கலும் கலந்துட்டா என்ன இருக்குன்னே தெரியாது, தெரியாததை எப்படி எடுக்கறது? நம்பிக்கை இங்கதான் உருவாகுது.

கோரியாங்காப்ல என்ன நடக்குதுன்னா, தண்ணித் துறையில வேலை பாக்கற நண்பர் ஒருத்தர் எனக்குப் பொறுமையா சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்றேன். முதல்ல ஓசோன் காத்து விடறாங்க, அப்புறம் ஒரு இரும்பு உப்பைப் போட்டு நுண்ணிய தூசு எல்லாத்தையும் திரட்டறாங்க, அடியில இருந்து சின்னச் சின்ன காத்துக் குமிழி விட்டா அந்தத் திரண்ட அழுக்கு மேல மிதந்து வந்துடும், வழிச்சு எடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் மணல் ஃபில்டர். மறுபடியும் ஓசோன், இந்தத் தடவை நல்லா பலமா, இது கிருமியையும் கொல்லும் மருந்து மாத்திரை மாதிரி பெரிய பெரிய கெமிக்கலையும் உடைச்சுப் போடும். உடைஞ்ச துண்டைத் தின்னறதுக்கு கார்பன் மேல வளர்ற நல்ல பாக்டீரியா இருக்கற ஒரு தொட்டி. அதுக்கப்புறம் வெறும் கார்பன் தொட்டி வேற, மிச்சம் மீதியை ஒட்டிக்கும். கடைசியா அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், ரொம்ப ரொம்ப நுண்ணிய துளை இருக்கற குழல் வழியா தண்ணியைத் தள்ளறது, பாக்டீரியா எதுவும் இதுல நுழைய முடியாது. அப்புறம்தான் குளோரின், பைப்பை அரிக்காம இருக்க கொஞ்சம் காரப் பொருள் (அல்கலி) சேப்பாங்க. ஒரு கிருமிக்கு ஒரு தடுப்பு மட்டும்னு எங்கயும் விட்டு வைக்கல, ஒண்ணு சொதப்பினாலும் அடுத்தது பிடிச்சுக்கும், அதுக்கப்புறமும் ஒண்ணு இருக்கும்.

இதை விட எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு கட்டத்துலயும் மீட்டர் ஓடிட்டே இருக்கு, சாம்பிள் எடுத்து லேப்ல பாத்துட்டே இருக்காங்க, எந்த ஒரு அளவு எல்லையைத் தாண்டினாலும் ஊருக்கு சப்ளை நின்னுடும், தண்ணி திரும்ப உள்ளயே சுத்த ஆரம்பிச்சிடும், சரியானப்புறம்தான் வெளிய விடுவாங்க. தப்பு நடக்கவே நடக்காதுன்னு சொல்றவங்களை நான் நம்ப மாட்டேன், தப்பு நடந்தா நிறுத்திடுவோம்னு சொல்லி நிஜமாவே நிறுத்தறவங்களை நம்புவேன். 1970-கள்லயும் 80-கள்லயும் இந்தத் தண்ணி குடிச்சவங்க உடல்நிலையை வச்சு ஆய்வு பண்ணியிருக்காங்க, வயித்துப்போக்குக்கும் இந்தத் தண்ணிக்கும் சம்பந்தம் தெரியல, மக்களோட வாழ்க்கை வசதிக்கும் வயித்துப்போக்குக்கும்தான் சம்பந்தம் தெரிஞ்சுது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ திரும்ப வருவேன்.

அடுத்து நம்ம ஆளுங்களோட செல்லக் கேள்வி, "டிடிஎஸ் எவ்வளவு?", அதாவது தண்ணியில உப்பு மாதிரி கரைஞ்சிருக்கறது எவ்வளவுன்னு. கோரியாங்காப்ல ஆர்ஓ கிடையாது. ஆமா, இல்ல. அதனால தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அது எடுக்காது. ஒரே தண்ணி வீட்டுக்கு வந்து கழிவாப் போயி திரும்ப வந்தா ஒவ்வொரு சுத்துக்கும் உப்பு கொஞ்சம் ஏறும், அதனாலதான் டேம் தண்ணியோட கலக்கறாங்க, கலவையில இந்தத் தண்ணியோட பங்கு அதிகபட்சம் 35 சதவீதத்துக்குள்ள இருக்கணும்ங்கறது கணக்கு. ஆர்ஓ ஏன் போடலன்னா, ஆர்ஓ போட்டா உப்புக் கழிவு ஒரு பெரிய பங்கு வெளிய வரும், கடற்கரை ஊருன்னா கடல்ல விட்டுடலாம், மலை மேல இருக்கற ஊரு அதை எங்க கொண்டு போய்க் கொட்டும்? கொட்டின இடத்துல நிலத்தடித் தண்ணியும் கெட்டுடும். ஆகக்கூடி இருக்கற தண்ணியில ஒரு பங்கை வீணாக்காம முழுசா திரும்ப எடுக்கற வழியைத் தேர்ந்தெடுத்தாங்க, எனக்கு இது ரொம்ப சரியான முடிவாத்தான் படுது. அதனால தயவு செஞ்சு ஊர்ல இருந்து வீட்டு ஆர்ஓ மிஷினைத் தூக்கிட்டு வராதீங்க. ஒரு லிட்டர் குடிக்க சாதாரண வீட்டு ஆர்ஓ ரெண்டு மூணு லிட்டரைக் கழிவுக் குழாய்ல விடும், இவ்வளவு பாடுபட்டு சேத்த தண்ணியை சமையக்கட்டுல வச்சு வீணாக்கறது பாவம். வந்த புதுசுல ஒரு கடையில இந்த ஊர்த் தண்ணி வெளியூர்க்காரங்களுக்கு ஒத்துக்காதுன்னு சொல்லி எனக்கு பாட்டில் பாட்டிலா வித்தாங்க, எந்தக் கடைன்னு சொல்ல விரும்பல, ஆனா அந்தப் பேச்சை நம்பாதீங்க.

இந்த சேவையோட கூடவே வர்ற கட்டுப்பாடு பத்தியும் சொல்லணும், சிலருக்கு இது கசப்பா இருக்கும். 1994-லிருந்தே தண்ணித் தேவையைக் குறைக்கறதுக்குன்னு தனிக் கொள்கை வச்சிருக்காங்க. பில் அடுக்கடுக்கா ஏறும், கொஞ்சமா செலவு பண்ணா விலை மிதமா இருக்கும், எல்லை தாண்டத் தாண்ட ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் ரேட் கூடிட்டே போகும். வெயில் நேரத்துல, அதாவது காலை 10-லிருந்து சாயங்காலம் 4 வரைக்கும், தோட்டத்துக்குத் தண்ணி விடக் கூடாது. நீச்சல் குளம் வச்சிருந்தா மூடி போட்டிருக்கணும். பழைய கோரியாங்காப் நிலையத்தையும் வீணாக்கல, அதுல ஓரளவு சுத்தம் பண்ணின தண்ணி பார்க்குக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் தனி பைப்ல போகுது, புல்லுக்குக் குடிதண்ணி ஊத்தறதில்ல. வறட்சி வந்தா கட்டுப்பாடு இன்னும் இறுகும். எனக்கு இதுல எந்த வருத்தமும் இல்ல, பணக்காரங்க வீட்டு நீச்சல் குளத்துக்கும் சாதாரண வீட்டுச் சமையலுக்கும் ஒரே ரேட்ல தண்ணி குடுக்கறதுதான் அநியாயம்.

இன்னொரு ஏற்பாடு இருக்கு, வெளியில நிறைய பேருக்குத் தெரியாது. நல்ல மழை வந்து டேம் நிறைஞ்ச வருஷத்துல, தண்ணியைக் குடிக்கற தரத்துக்கு சுத்தம் பண்ணி போர்க் குழாய் வழியா ஊருக்குத் தெக்க இருக்கற மலைப் பாறை இடுக்குக்குள்ள திரும்ப இறக்கறாங்க. வழக்கமா போர்னா எடுக்கறதுக்கு மட்டும்தான, இங்க போடறதுக்கும் போர் இருக்கு. டேம்ல கிடந்தா வெயில் குடிச்சிடும், பாறைக்குள்ள இருந்தா பத்திரமா இருக்கும், பேங்குல போட்டு வச்ச மாதிரி வறட்சிக்கு எடுத்துக்கலாம். இது ஒண்ணுக்காகவே அரை மார்க் சேத்துக் குடுத்திருக்கேன்.

அரை மார்க் எங்க குறைச்சேன்னு கேப்பீங்க. கழிவைத் திரும்ப எடுக்கற தொழில்நுட்பம் புதுசா தண்ணியை உண்டாக்காது. வீட்டுக்குள்ள தண்ணி போனாதான் கழிவு வரும், கழிவு வந்தாதான் நிலையம் ஓடும், கலக்கறதுக்கு டேம்ல தண்ணி இருந்தாகணும். 2015, 16-ல மழை பொய்ச்சப்ப டேம் எல்லாம் அடி காண ஆரம்பிச்சிடுச்சு, 2016-ல நாடே வறட்சி நெருக்கடின்னு அறிவிச்சாங்க, கட்டட வேலையில இருந்து தொழிற்சாலை வரைக்கும் எல்லாருக்கும் பயம் புடிச்சிடுச்சு. 2019-ல திரும்ப அறிவிப்பு, 2024-ல திரும்பவும். திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கு. ஊரோ வளந்துட்டே இருக்கு, 2011 கணக்கெடுப்புல மூணேகால் லட்சம் பேரு, 2023-ல 4.8 லட்சத்தைத் தாண்டிருச்சு. இன்னொரு குறை, மழை பெய்யும்போது ஊரோட அழுக்கு ஓடிப் போயி கோரியாங்காப் அணையில சேருது, 1958-ல கட்டின அணை அது, முன்னாடி அந்தத் தண்ணியையும் எடுத்துப் பயன்படுத்தினாங்க, இப்ப அது ரொம்பக் கெட்டுப் போச்சு. கீழ இருக்கற ஸ்வாகோப்பூர்ட்லயும் பாசி பிடிக்கற பிரச்சினை. இவ்வளவு வறண்ட நாட்டுல கையில இருக்கற ஒரு அணைத் தண்ணியைக் கெட விட்டது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

இப்ப அந்த ரெண்டாவது மார்க், 5-க்கு 1.

கட்டுட்டுராங்கற பகுதியைத் தாண்டி வடமேற்கால போனா ஹவானா, கோரியாங்காப்னு குடிசைப் பகுதிங்க மேட்டுலயும் பள்ளத்துலயும் பரவிக் கிடக்கு. ஆமா, அதே கோரியாங்காப்தான், உலகமே வந்து பாத்துட்டுப் போற நிலையத்தோட பேர்தான் பக்கத்துல இருக்கற அந்தக் குடியிருப்புக்கும். அங்க வீட்டுக்குள்ள குழாய் கிடையாது. தெருவுக்குப் பொதுவா ஒரு ப்ரீபெய்ட் குழாய், முன்கூட்டியே பணம் போட்ட கார்டை வச்சா தண்ணி வரும், பணம் தீந்தா நின்னுடும், குழாய் ரிப்பேர்னா அடுத்த குழாயைத் தேடி கேனைத் தூக்கிட்டு நடக்கணும். பெரும்பாலும் நடக்கறது பொம்பளைங்களும் பிள்ளைங்களும். மஞ்சள் கேன், பழைய எண்ணெய் கேன், எது கிடைக்குதோ அதுல புடிச்சு தலையிலயோ தள்ளுவண்டியிலயோ கொண்டு போறாங்க. குழாய்ல வர்ற தண்ணி நல்ல தண்ணிதான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா கேன்ல வந்து வீட்டுக்குள்ள திறந்து கிடக்கும்போது அது என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். கக்கூஸ் வசதி இன்னும் மோசம், நிறைய பேரு வெளியிலதான் போகணும்.

அதோட விளைவு 2017 கடைசியில தெரிஞ்சுது. டிசம்பர்ல ஹெபடைட்டிஸ் ஈ மஞ்சள் காமாலை பரவறதா அறிவிச்சாங்க, ஆரம்பிச்சது இந்தக் குடிசைப் பகுதிங்கள்ல, அப்புறம் நாடு முழுக்கப் போச்சு. முடிஞ்சதுன்னு அறிவிக்க 2022 ஆயிடுச்சு. 8,000 பேருக்கு மேல பாதிப்பு, 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க, அதுல கர்ப்பமா இருந்தவங்களும் பிள்ளை பெத்தவங்களும் நிறைய பேரு, ஏன்னா இந்த நோய் கர்ப்பிணிகளைத்தான் ரொம்ப மோசமா தாக்கும். இது சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணியால வந்த நோய் கிடையாது, யாராவது அப்படி ஃபார்வர்டு பண்ணா தயவு செஞ்சு நம்பாதீங்க. பைப்பும் கக்கூஸும் போய்ச் சேராத இடத்துல வந்த நோய். மேல ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, வாழ்க்கை வசதிக்கும் வயித்துப்போக்குக்கும்தான் சம்பந்தம்னு பல வருஷத்துக்கு முன்னாடியே ஆய்வுல தெரிஞ்ச விஷயம், அதே ஊர்ல அதே காரணத்தால மறுபடி உயிர் போயிருக்கு. எனக்கு இதை எழுதும்போதே கோவம் வருது. சாக்கடைத் தண்ணியையே குடிக்கற தண்ணியா சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஊருக்கு ஒரு கிலோமீட்டர் பைப் இழுக்கத் தெரியாதா என்ன?

முடியும்ங்கறதுக்கு ஆதாரமும் இருக்கு. 2020 கொரோனா ஊரடங்கப்ப கை கழுவணும்ங்கறதுக்காக பொதுக் குழாயை எல்லாம் கார்டு இல்லாமலே திறந்து விட்டாங்க. ஊரடங்கு முடிஞ்சப்புறம் திரும்ப கார்டுக்குப் போச்சு. நகராட்சிக்கும் செலவு இருக்கு, ஒத்துக்கறேன், கிராமத்துல இருந்து பிழைப்பு தேடி வர்ற ஜனம் வந்துட்டே இருக்கு, அனுமதி இல்லாத இடத்துல குடிசை போடறாங்க, பாறை நிலத்துல பைப் பதிக்கறது கஷ்டம், இதெல்லாம் நிஜம்தான். ஆனா 1959-ல பழைய குடியிருப்புல இருந்த கறுப்பின மக்களை வலுக்கட்டாயமா கட்டுட்டுராவுக்குத் துரத்தினப்பவே ஊரோட ஓரம்னா வசதி குறைவுன்னு ஆயிடுச்சு, 1990-ல சுதந்திரம் வாங்கியும் அந்தக் கோடு இன்னும் முழுசா அழியல.

நாட்டோட மத்த பக்கத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. கடற்கரையில யுரேனியம் சுரங்கத்துக்காக 2010-ல கடல் தண்ணி நிலையம் வந்துச்சு, இப்ப அது அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் உதவுது, அங்க இருக்கற மணல் ஆத்து நிலத்தடித் தண்ணி மேல இருந்த பாரம் கொஞ்சம் இறங்கிருக்கு. வடக்குல ஜனம் அதிகம், அங்க அங்கோலாவுல இருக்கற கலூக்கேல இருந்து வாய்க்கால்ல தண்ணி வருது. விண்ட்ஹூக்குக்கு ஒகவாங்கோவுல இருந்து பைப் போடலாம்னு 90-கள்ல வறட்சி வந்தப்ப பேச்சு வந்துச்சு, ஆனா அந்த ஆறு கீழ போட்ஸ்வானாவுல போயி பெரிய டெல்டாவா விரியுது, யானையும் நீர்யானையும் ஜனமும் அதை நம்பி இருக்கு, 2014-ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல 1,000-மாவது இடமா சேந்துச்சு. அங்கோலா, நமீபியா, போட்ஸ்வானா மூணும் 1994-லயே அந்த ஆத்துக்காக ஒரு ஆணையம் வச்சிருக்காங்க, ஒரு நாடு தண்ணி எடுக்கணும்னா மத்த ரெண்டு நாட்டோடயும் பேசணும். என்னைக் கேட்டா அந்த ஆத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள ஓடற கழிவுல இன்னும் எவ்வளவு எடுக்க முடியுமோ அதை எடுக்கணும். ரெண்டாவதா ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டற திட்டமும் பேச்சுல இருக்கு, சீக்கிரம் வரட்டும், ஆனா அதுக்கு ஒதுக்கற பணத்தோட கூடவே ஹவானா பக்கம் பைப்புக்கும் கக்கூஸுக்கும் பணம் ஒதுக்கணும், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுன்னு தள்ளிப் போடக் கூடாது.

வரப்போறவங்களுக்கு நடைமுறையா சில விஷயம். வீடு பாக்கும்போது குழாய் ஒழுகுதா, கக்கூஸ் தொட்டி நிக்காம ஓடுதான்னு பாருங்க, அடுக்கு ரேட்ல ஒழுகற தண்ணிக்கும் நீங்கதான் கட்டணும். மீட்டர் ரீடிங்கை நீங்களே எழுதி வச்சு பில்லோட ஒப்பிட்டுப் பாருங்க. பழைய கட்டடத்துல மொட்டை மாடித் தொட்டி இருந்தா அதைக் கழுவச் சொல்லிக் கேளுங்க, ஊர்த் தண்ணி நல்லா இருந்தாலும் தொட்டி அழுக்கா இருந்தா பலன் இல்ல. கைக்குழந்தை இருந்தா ஊர்ல பண்ற மாதிரியே கொதிக்க வச்சுக் குடுங்க, அதுல தப்பே இல்ல. வீட்டு வேலைக்கு வர்ற அக்கா ஹவானாவுல இருந்து வர்றவங்களா இருந்தா சாயங்காலம் போகும்போது ரெண்டு கேன் புடிச்சுட்டுப் போகட்டும், கேக்கறதுக்கு அவங்க தயங்குவாங்க, நீங்களே எடுத்துச் சொல்லுங்க.